பங்காளி இல்லாத பின்கதவு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பானட்டைத் திறப்பதே ஒரு தனிக் காட்சி. மற்ற கார்களில் மூடியைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுப்போம். ஹெரால்டில் இரண்டு மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்பிரிங், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்டயரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

சென்னையில் ஒரு பட்டறையில், பல வருடம் ஓடாமல் கிடந்த நண்பரின் நான்கு கதவு ஹெரால்டை இப்படித் திறந்து வைத்திருந்தார்கள். துருப்பிடித்து இறுகிக் கிடந்த எஞ்சினைக் காட்டி, "இது தேறுமா அண்ணே?" என்று கேட்டேன். மெக்கானிக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எஞ்சினை எழுப்பிடலாம் சார். அதோ, உடைஞ்சு கிடக்குதே பின்கதவுக் கண்ணாடி, அதுக்குத்தான் வழி தெரியலை" என்றார்.

ஆயிரம் உறுப்புகள் சேர்ந்து உயிர்பெறும் எஞ்சின் எளிது, ஒரு துண்டுக் கண்ணாடி அரிது. இது எப்படி? இதற்கு விடை தேடப் போனால் அந்த வண்டியின் வம்சாவளியையே விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹெரால்டு பிறந்தது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், 1959-ல், டிரையம்ப் என்ற பெயரில். வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் தூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவன்னி மிகெலாட்டி. அந்தக் காலத்தில் சின்னக் கார்களுக்குச் சட்டம் தனி, கூடு தனி என்று இல்லாமல் ஒரே கூடாகச் செய்வதுதான் புதுமை. ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனிச் சேஸிஸுடன் வந்தது. அதற்குக் காரணம் ஒரு வியாபாரச் சிக்கல். கார்க்கூடு செய்து தந்துகொண்டிருந்த பிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்துகொள்ள வழியில்லாமல், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, சேஸிஸின் மேல் போல்ட்டு போட்டு முறுக்கினார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த வடிவம்தான் ஹெரால்டைக் கடல்கடக்க வைத்தது. துண்டுகளாகப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினால், போய்ச் சேரும் ஊரில் பூட்டிக்கொள்ளலாம் அல்லவா?

அப்படி அது வந்து சேர்ந்த ஊர் மெட்ராஸ். கல்கத்தாப் பக்கம் அம்பாசடர், பம்பாயில் பியட், வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்று இந்தியக் கார் உலகம் மூன்றே வீடுகளில் அடங்கியிருந்த காலம் அது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-ல் ஹெரால்டைக் கட்டத் தொடங்கியது. வருடாவருடம் உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சின் 1147 சிசி, பிறகு 1296 சிசி என வளர்ந்தது. இங்கே கடைசிவரை அதே 948 சிசிதான். ஆனால் அங்கே இல்லாத ஒன்றை இங்கே செய்தார்கள். வீட்டில் பத்துப் பேர் ஏறும் வண்டிக்கு இரண்டு கதவு போதுமா? 1960-களின் பிற்பகுதியில், இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு வந்தது.

மெக்கானிக் சொன்னதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. ஹெரால்டின் எஞ்சின் பெரிய குடும்பத்துப் பிள்ளை. 1953-ன் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகத் தொடங்கிய அந்த வம்சம், துளையை அகட்டி, ஸ்ட்ரோக்கை நீட்டி, டிரையம்ப் ஸ்பிட்பயர் காரில் 1493 சிசிவரை வளர்ந்து 1980 வரை ஓடியது. ஹெரால்டு மட்டுமே 5 லட்சத்துக்கு மேல் விற்றது. ஸ்பிட்பயர் 3 லட்சத்துக்கு மேல். அவற்றில் பல இன்றும் ஓடுவதால் இங்கிலாந்தில் அந்த உதிரிப் பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். சென்னையின் பின்கதவுக்கோ ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகூடக் கிடையாது. வண்டலூர் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டதோடு அதன் வேரும் அறுந்தது. பழைய கார் தேடுகிறவர்கள் "வண்டி அரிது" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் ஒரே வண்டிக்குள்ளேயே ஒரு பாகம் ஊரெல்லாம் சொந்தம் உள்ளது, அடுத்த பாகம் அநாதை. எது எது என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. பணத்தைச் செலவழிப்பதெல்லாம் அப்புறம்.

உறவு கண்டுபிடிப்பதிலும் ஏமாறலாம். மாரிஸ் மைனர் காரிலும் ஒரு 948 சிசி எஞ்சின் உண்டு. அதன் சிலிண்டர் விட்டம் 62.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76.2. ஹெரால்டில் 63-ம் 76-ம். காகிதத்தில் இரட்டைப் பிறவிகள். உண்மையில் வேறு வேறு கம்பெனியில் வேறு வேறு கைகள் வரைந்தவை, ஒரு பிஸ்டன்கூட மாற்றிப் போட முடியாது. கொள்ளளவை மட்டும் சொல்லி ரிங் செட் கேட்டால் வேறு குலத்துச் சாமான் வந்து சேரும்.

போல்ட்டிலும் இதே கதை. ஹெரால்டில் இருப்பவை அங்குலக் கணக்கு மறைகள். 5/16 அங்குலப் போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர், இன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டு, கண்ணுக்கு அதேதான். ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 24 மறை, அதாவது மறைக்கு மறை 1.06 மில்லிமீட்டர், பின்னதில் 1.25. ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். அதன் பிறகு இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனரைப் போட்டு இழுத்தால், அறுபது வருடம் தாங்கிய மறை அங்கேயே மழுங்கிவிடும். நண்பரின் வண்டியில் முன்பு யாரோ அப்படி மழுக்கிய துளைகள் ஐந்தாறு இருந்தன. ஒவ்வொன்றையும் அகட்டிப் புது மறைச் சுருள் வைக்க வேண்டியதாயிற்று.

ஹெரால்டைப் பிடித்தவர்கள் முதலில் வாய்திறந்து சொல்வது அதன் திரும்பும் அழகைத்தான். முன்சக்கரங்கள் அவ்வளவு கோணத்துக்கு மடங்கும். 25 அடி வட்டத்தில் முழு வண்டியும் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்தில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்ப இது போதும். அந்த அழகைச் சுமக்கும் பாகத்தின் பெயர் டிரன்னியன். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கட்டி. அதன் உள்ளே மறை வெட்டியிருக்கும். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையிலும் மறை. நட்டில் போல்ட்டு திருகுவதுபோலத் தண்டு டிரன்னியனுக்குள் நின்று, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் திருகித் திருகித் திரும்பும். இடப்பக்கத்துக்கு ஒரு திசை மறை, வலப்பக்கத்துக்கு எதிர்த்திசை மறை.

இதை ஒரு தாளில் வரைந்து பார்த்தபோது எனக்கு மூச்சு ஒருகணம் நின்றது. முன்பக்கத்து எடை ஸ்பிரிங் வழியாகக் கீழ்க் கைக்கு இறங்கி, அங்கிருந்து இந்த மறைகளின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பித்தளையும் எஃகும் உரசும் இடத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால் பல்லாண்டு தாங்கும். அதற்கு கியர் ஆயில் 90-ஐத்தான் ஏற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் நம்மவர்கள் கிரீஸை அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் காலப்போக்கில் மெழுகாக இறுகி, எண்ணெய் போக வேண்டிய வழியை அடைத்துக்கொள்கிறது. உள்ளே தண்ணீர் தேங்குகிறது, எஃகு மறை துருவேறி மெலிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது தண்டு முறிந்து, சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிப் படுத்துவிடும். நண்பரின் வண்டியில் கழற்றிய டிரன்னியனுக்குள் கறுப்பு மெழுகுதான் இருந்தது. நகத்தால் சுரண்டியதும் அடியில் செம்பழுப்புத் துரு. புது ஜோடி இங்கிலாந்திலிருந்து வந்தது. ஸ்பிட்பயருக்கும் அதே பாகம் என்பதால் தேட அதிக நாள் ஆகவில்லை. பழைய கார் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், வண்டிக்கு என்ன ஏற்ற வேண்டும் என்று கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எரிபொருளும் மாறிவிட்டது. பழைய பெட்ரோலில் ஈயக் கலவை இருந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குள் முறைதவறி வெடித்துத் தட்டுவதைத் தடுப்பதோடு, வால்வும் அது உட்காரும் வார்ப்பிரும்பு விளிம்பும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்த்துக்கொள்ளாமல் நடுவே ஒரு மெல்லிய படிவமாகவும் அது நின்றது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் நின்றது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது, நின்றது மிக நல்லது. பழைய எஞ்சினுக்குக் கடினமான எஃகு வளையங்களை வால்வின் இருக்கையில் பதித்துவிட்டால் கவலை தீர்ந்தது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊதச் செய்து கூழாக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் சேர்க்கும். பெட்ரோல் குழாய், பம்ப்பின் டயாபிரம், கார்புரேட்டரின் சீல் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றியாக வேண்டும். இவை எளிதில் கிடைப்பவை என்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

பாடிக்கு வருவோம். டிங்கரிங் செய்கிறவர் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவெல்லாம் தடவினார். பல இடத்தில் ஒட்டியது, கதவின் அடியோரத்தில் வழுக்கி விழுந்தது. அங்கே தகடே இல்லை. துருத் தின்ற ஓட்டையை யாரோ பட்டி வைத்து மேவிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கடற்காற்றின் உப்பு ஈரத்தை மின்சாரம் கடத்தும் நீராக்கிவிடுகிறது, அதனால்தான் கடலோர ஊரில் இரும்பு அவ்வளவு வேகமாகக் கரைகிறது. பட்டிக்கு அடியிலும் அந்த வேலை நிற்காது. புதுத் தகட்டை வெட்டி மடித்து வெல்டிங் வைப்பதுதான் ஒரே மருந்து.

உடைந்த கதவுக் கைப்பிடியை வார்க்கக் கொடுத்தபோது இன்னொரு பாடம். பழையதை அப்படியே மணலில் அச்சுப்பதித்து அலுமினியம் ஊற்றினால் அதே அளவில் வராது. உருகிய உலோகம் குளிர்ந்து இறுகும்போது சுருங்கும். அலுமினியம் ஏறத்தாழ நூற்றுக்கு 1.3 பங்கு. 15 சென்டிமீட்டர்க் கைப்பிடியில் 2 மில்லிமீட்டர் குறையும், திருகுத் துளை கதவோடு பொருந்தாது. அதனால் மரத்தச்சர் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார். இதற்கென்றே சுருக்கத்தைக் கூட்டிக் கோடு போட்ட அளவுகோல் பவுண்டரிகளில் உண்டு. சாதாரண ஸ்கேலின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள், ஒரு அங்குலம் என்று எழுதியிருப்பது ஒரு அங்குலத்தைவிட நீளமாக இருக்கும்.

கடைசியில் அந்தக் கண்ணாடி. புதுப்பேட்டையில் கண்டமான வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்துகளில் மூன்று நாள் அலைந்தோம். ஜி.பி. ரோட்டு உதிரிப் பாகக் கடைகளில் கேட்டால் சிரித்தார்கள். வேறொரு காரின் பெரிய கண்ணாடியை வாங்கி அளவுக்கு அறுத்துக்கொள்ளலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். கண்ணாடிக் கடைக்காரர் தலையாட்டி மறுத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய கார்க் கண்ணாடி ஒன்றைச் சாக்கில் சுற்றி, ஓரத்தில் சின்ன உளியால் ஒரு தட்டுத் தட்டினார். சாக்கைப் பிரித்தால் கற்கண்டுபோல ஆயிரம் துண்டு.

பக்கவாட்டுக் கார்க் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்காற்றால் அடிக்கிறார்கள். மேல்தோல் உடனே இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால் ஆறிச் சுருங்கப் பார்க்கும், இறுகிய தோலோ விடாது. இந்த இழுபறியில் தோல் எப்போதும் அழுத்தத்திலும் உட்பகுதி எப்போதும் இழுவிசையிலும் நிற்கின்றன. அதனால்தான் சின்னக் கல் பட்டால் அது உடைவதில்லை. விரிசல் விழ வேண்டுமானால் முதலில் அந்த அழுத்தத்தை வெல்ல வேண்டும். வென்றுவிட்டால், அடைத்து வைத்த இழுவிசை முழுவதும் ஒரே கணத்தில் அவிழ்ந்து கண்ணாடியைப் பொடியாக்கிவிடும். வைரத்தால் அறுக்கப் பார்த்தாலும் அதே கதிதான். ஆகவே வரிசை மாறக்கூடாது. சாதாரணக் கண்ணாடியை முதலில் அளவுக்கு அறுக்க வேண்டும், ஓரம் தேய்க்க வேண்டும், துளை போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சூளை.

அளவு எடுக்க இடக்கதவுக் கண்ணாடி இல்லை, வலக்கதவில் இருந்தது. கண்ணாடி தட்டையானது என்பதால் வலதைத் திருப்பிப் போட்டால் இடது. பிளைவுட்டில் அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அறுத்து, கதவின் பள்ளத்தில் இறக்கி ஏற்றிப் பார்த்து, உரசிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார் மெக்கானிக். நாலாவது முறை அது சத்தமில்லாமல் மேலே ஏறி ரப்பரில் போய் உட்கார்ந்தது. அந்தப் பலகையைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனார். பத்து நாளில் கண்ணாடி வந்தது.

பலகையை என்ன செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தார். அதன் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "ஹெரால்டு, 4 கதவு, பின்னால். திருப்பிப் போட்டால் இடது."