பகைவரைக் காத்த நீர்மூழ்கி

நீருக்கடியில் வலிமையும் நீர்ப்பரப்பில் எளிமையும் உடையது இரண்டாம் உலகப்போர்க் கால நீர்மூழ்கிக் கப்பல். ஆழத்தில் அது மின்கலங்களின் ஆற்றலால் மெல்ல ஊர்ந்தது. அம்மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்ய, மேலே வந்து டீசல் பொறிகளை இயக்கியாக வேண்டும். அவ்வேளையில் ஒரேயொரு வானூர்தியே அதனை அழித்துவிடக்கூடும். எனவே, மறைந்திருத்தலே அதற்குக் காப்பு. அக்காப்பைத் தானே துறந்து, பகைநாட்டாரின் உயிரைக் காக்கக் கடற்பரப்பில் நாள்கணக்கில் நின்றது ஜெர்மானியக் கடற்படையின் யு-156.

பிரேமன் நகரில் கட்டப்பட்ட இக்கப்பல் 1941 செப்டம்பர் 4இல் பணியில் இணைந்தது. இதன் நீளம் ஏறத்தாழ 76 மீட்டர். தலைவர் வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன். 1942 பிப்ரவரி 16இல் கரீபியக் கடலிலுள்ள அரூபாத் தீவின் துறைமுகத்தில் நின்ற எண்ணெய்க் கப்பல்களை இது தாக்கியது. பின்னர், கரையிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பீரங்கியால் சுட முயன்றது. பீரங்கி வாயை மூடியிருந்த அடைப்பை அகற்ற வீரர்கள் மறந்தமையால் குழல் வெடித்து, வீரர் ஒருவர் உயிரிழந்தார். தன் ஐந்து கடற்பயணங்களில் யு-156 மூழ்கடித்த கப்பல்கள் 20. அழித்தலே அதன் தொழிலாக இருந்தது.

1942 செப்டம்பர் 12ஆம் நாள் இரவு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் தென் அட்லாண்டிக் பெருங்கடலில் லக்கோனியா என்னும் பிரித்தானியக் கப்பலை அது டார்பிடோவால் தாக்கியது. லக்கோனியாவில் ஏறத்தாழ 2,700 பேர் இருந்தனர். அவர்களுள் 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள். பெண்களும் குழந்தைகளும்கூட இருந்தனர். நீரில் தத்தளித்தோரின் இத்தாலியக் குரல்களைக் கேட்ட பின்னரே, தன் நாட்டின் நட்பு நாட்டினரும் அக்கப்பலில் இருந்ததை ஹார்ட்டென்ஸ்டைன் அறிந்தார். உடனே மீட்புப்பணி தொடங்கியது. மீட்கப்பட்டோருள் இத்தாலியர், பிரித்தானியர், போலந்து நாட்டவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. ஏறத்தாழ இருநூறு பேர் நீர்மூழ்கியில் ஏற்றப்பட்டனர். மேலும் பலர் இருந்த உயிர்காப்புப் படகுகள் அதன் பின்னே கயிற்றால் பிணைக்கப்பட்டன.

மறுநாள் அவர் மறைகுறியீடின்றி, ஆங்கிலத்திலேயே வானொலிச் செய்தி விடுத்தார். மீட்க வரும் கப்பல் எதுவாயினும், தன்னைத் தாக்காதவரை, தானும் அதனைத் தாக்குவதில்லை என்று அதில் உறுதியளித்தார். வேறு இரு ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் இத்தாலிய நீர்மூழ்கி ஒன்றும் உதவிக்கு விரைந்தன.

செப்டம்பர் 16இல் அமெரிக்கக் குண்டுவீச்சு வானூர்தி ஒன்று அங்கு வந்தது. நீர்மூழ்கியின்மீது செஞ்சிலுவைக் கொடி விரிக்கப்பட்டிருந்தும், அசென்சன் தீவிலிருந்து வந்த ஆணைப்படி வானூர்தி குண்டு வீசியது. படகுகளில் இருந்தோர் பலர் மடிந்தனர். சேதமுற்ற யு-156, படகுகளின் பிணைப்பை அறுத்து, மீட்கப்பட்டோரை நீரில் இறக்கிவிட்டு ஆழத்தில் மறைந்தது. எஞ்சியோரில் பெரும்பாலோரைப் பின்னர்ப் பிரெஞ்சுக் கப்பல்கள் மீட்டன.

மறுநாளே, ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத்தலைவர் கார்ல் டோனிட்ஸ், மூழ்கிய கப்பல்களில் இருந்தோரை மீட்கும் முயற்சிகளைத் தடைசெய்து ஆணையிட்டார். போருக்குப்பின் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் அவ்வாணை அவருக்கு எதிரான சான்றாக வைக்கப்பட்டது. ஆயினும், பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவும் வரம்பற்ற நீர்மூழ்கிப் போரையே நடத்தியது என அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் எழுத்துவழிச் சான்றளித்தார். பிரித்தானிய, அமெரிக்கப் போர்முறைகளையும் கருத்தில்கொண்ட நீதிமன்றம், நீர்மூழ்கிப் போர்விதிகளை மீறியமைக்காக அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. பிற குற்றங்களுக்காகவே பத்தாண்டுச் சிறை விதித்தது.

1943 மார்ச் 8இல் பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே அமெரிக்க வானூர்தியின் தாக்குதலில் யு-156 மூழ்கியது. ஹார்ட்டென்ஸ்டைன் உட்பட 53 பேரும் மாண்டனர். கடற்போரின் ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் நீரில் தவிப்போரைத் தேடிக் காக்க, இயன்ற முயற்சிகள் அனைத்தையும் மேற்கொள்ள வேண்டும் என்பதை 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கடமையாக்கியது. யு-156இன் வீரர்கள் தம் தலைவரின் மனச்சான்றை நம்பி ஆற்றிய பணி அது.