இரண்டு மணி நேரத்தில் வரைந்த விளையாட்டு

எங்கள் தாராசுரம் கோயிலைப் பார்க்க வருகிறவர்களை ஒரு சிற்பத்தின் முன் நிறுத்துவது என் வழக்கம். ஒரு காளை, ஒரு யானை. இரண்டுக்கும் தலை ஒன்றுதான். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை. மறு பக்கத்தை மறைத்தால் யானை. ஒன்றை வைத்துப் பலவற்றைக் காட்டும் இந்த உத்தியை 1958-இல் ஓர் இயற்பியலாளரும் கையாண்டார், ஒரு விளையாட்டுக்காக!

அவர் பெயர் வில்லியம் ஹிகின்பாதம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் கருவியியல் பிரிவின் தலைவர். விளையாட்டு செய்வது அவர் தொழிலன்று. ஆய்வுக்கூடத்தைக் காண வரும் பொதுமக்கள் அசையாத காட்சிப்பொருள்களைப் பார்த்துச் சலிப்படைந்தார்கள். அவர்கள் கையால் இயக்கி மகிழ ஏதாவது வேண்டும் என எண்ணினார். அங்கே ஒரு சிறிய ஒப்புமைக் கணிப்பொறி இருந்தது. துள்ளும் பந்தின் பாதையைக் கணிக்கும் முறை அதன் கையேட்டிலேயே இருந்தது. வரைபடம் போட இரண்டு மணி நேரம். ராபர்ட் டுவோராக் என்னும் தொழில்நுட்பரின் உதவியுடன் அதை இயங்கவைக்க இரண்டு மூன்று வாரம். அக்டோபரில் டென்னிஸ் தயார்!

இவ்வளவு விரைவு எப்படி? பந்து எப்படி விழும் என்று நியூட்டன் முன்பே சொல்லிவிட்டார் அல்லவா? ஒப்புமைக் கணிப்பொறியில் எண்ணுக்குப் பதில் மின்னழுத்தம். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஈடான மின்னழுத்தத்தை, மின்தேக்கி கொண்ட ஒரு சுற்றில் செலுத்தினால், அது சிறிது சிறிதாகச் சேர்ந்து திசைவேகம் ஆகிறது. அதை அடுத்த சுற்றில் செலுத்தினால் உயரம் கிடைக்கிறது. பந்து தரையைத் தொட்டதும் ஒரு ரிலே திசைவேகத்தின் குறியை மாற்றும், பந்து எழும்பும். காற்றின் தடைக்கு ஒரு மின்தடை!

திரை, ஐந்து அங்குல ஆசிலாஸ்கோப். அதில் இருப்பதோ ஒரே ஒளிப்புள்ளி. தரை, வலை, பந்து மூன்றையும் காட்ட வேண்டுமே? டிரான்சிஸ்டர்கள் அந்தப் புள்ளியை மூன்றுக்கும் மாறி மாறி, நொடிக்குப் பலமுறை பகிர்ந்தளித்தன. மெதுவான நம் கண்ணுக்கு மூன்றும் சேர்ந்தே தெரிந்தன.

மக்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றார்கள். 1959-இல் பெரிய திரை வந்தது. ஒரு மின்னழுத்தத்தை மாற்றியே நிலவிலும் வியாழனிலும் ஆடமுடிந்தது! பிறகு உறுப்புகளைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் அணுகுண்டுக்கான மின்னணுச் சுற்றுகளில் பணியாற்றிய ஹிகின்பாதம், பின்னர் அணு ஆயுதப் பரவலைத் தடுக்கப் பாடுபட்டார். அதற்காகவே தம்மை நினைக்கவேண்டும் என்று விரும்பினார். 1994-இல் மறைந்தார். இன்று பலரும் அவரை அறிவது டென்னிசால்தான்.

அவர் பந்தை நீங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே துள்ளச் செய்யலாம். தொடக்க வேகம் மேல்நோக்கி நொடிக்கு 5 மீட்டர். முடுக்கம் 10 எனக் கொள்ளுங்கள். ஒவ்வொரு 1/10 நொடிக்கும், வேகத்தில் பத்தில் ஒரு பங்கை உயரத்தோடு கூட்டுங்கள். பிறகு வேகத்தில் 1 கழியுங்கள். உயரம் 0.5, 0.9, 1.2 என ஏறி 1.5 மீட்டரைத் தொட்டு இறங்கும். கணிப்பொறி நிரலில் எழுதவேண்டியவையும் இந்த இரண்டு வரிகளே. ஆனால் பாடநூல் சூத்திரம் தரும் உயரம் 1.25 மீட்டர்தான்! பிழை எங்கே? இடைவெளியை 1/20 நொடியாக்கி, வேகத்தில் 0.5 மட்டும் கழித்துப் போடுங்கள், 1.375 வரும். 1/100 நொடி வைத்தால்?