தவணை லாரியும் வரிக் கணக்கும்

நாமக்கல் பக்கம் போய் வந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பாடி கட்டும் பட்டறையிலிருந்து புது லாரி ஒன்று வெளியே வருகிறது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும், முகப்பில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைந்து சிதறுகிறது. அருகே ஒரு மாமனும் மருமகனும் கூட்டு முதலாளிகளாக நிற்கிறார்கள்.

"லாரி நம்முளுதுதானுங்க மாமா? ஆர்.சி.யில ஃபைனான்ஸ்காரர் பேரும் ஏறியிருக்குதே?"

"கடைசி டியூ கட்டுற வரைக்கும் அப்படித்தான் மாப்பிள்ளை. ஓட்டுறது நாம, உரிமை பாதி அவங்களுது."

இருவரும் நாம் கற்பனை செய்துகொண்ட மனிதர்களே. ஆனால் அவர்களுடைய சந்தேகம் கற்பனை அல்ல. டியூவுக்கு வாங்கிய வண்டிக்கு வரிக் கணக்கில் சொந்தக்காரர் யார்? கட்டுகிற டியூ முழுவதும் செலவா? வண்டியை விற்றால் என்ன ஆகும்? இது தெரியாமல் தொழில் நடத்துவது, பிரேக்கைச் சரி பார்க்காமல் மலை இறங்குவது போலத்தான்.

யார் சொந்தக்காரர்?

சென்னையில் 1954-ஆம் வருஷம் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கியது. அது முதற்கொண்டு தமிழ்நாட்டில் எத்தனையோ டிரைவர்கள் தவணைக் கடனால் முதலாளிகள் ஆகியிருக்கிறார்கள். கடன் கொடுத்தவர் பெயர் ஆர்.சி.யில் ஏறுவது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி. கடன் தீர்ந்ததும் 35-ஆம் நம்பர் படிவம் கொடுத்து அதை நீக்கிக்கொள்ள வேண்டும்.

வருமான வரி இலாகாவின் பார்வை வேறு. தொழிலுக்காகக் கடனில் வாங்கிய வண்டிக்கு, கடன் பாக்கி இருந்தாலும், தேய்மானம் வாங்கியவருக்கே. ஹையர் பர்ச்சேஸ் வண்டி பற்றி 1943-ஆம் வருஷமே இலாகா சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஆனால் குத்தகை, அதாவது லீஸ், வேறு சங்கதி. லீஸில் தேய்மானம் வண்டியைக் குத்தகைக்கு விட்ட கம்பெனிக்குச் சேரும் என்று 2013-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த வண்டிகள் குத்தகைதாரர் பெயரில் பதிவாகியிருந்தும் தீர்ப்பு அப்படியே. குத்தகைக்கு எடுத்தவர் கட்டும் வாடகையைச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம். ஆகவே, கையெழுத்துப் போடுமுன் அது கடன் பத்திரமா, குத்தகைப் பத்திரமா என்று படித்துப் பாருங்கள்.

டியூ முழுவதும் செலவல்ல

நமது மாமனும் மருமகனும் வாங்கிய லாரியின் விலை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கைப்பணம் 8 லட்சம். அதில் வீட்டுப் பெண்களின் நகையும் அடக்கம். மீதி 32 லட்சம் கடன். வட்டி 10 சதவிகிதம். ஐந்து வருஷத் தவணை. மாத டியூ சுமார் 68,000 ரூபாய். வருஷத்துக்கு 8 லட்சத்து 16 ஆயிரம்.

"இவ்வளவும் செலவுதானே?" என்பார் மருமகன். இல்லை! முதல் வருஷம் அதில் வட்டி ஏறத்தாழ 2 லட்சத்து 97 ஆயிரம் மட்டுமே. மற்ற 5 லட்சத்து 19 ஆயிரம், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. அது செலவில் சேராது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது தேய்மானம். சொந்த உபயோகத்துக்கான சரக்கை ஏற்றும் வண்டிக்கு 15 சதவிகிதம். வாடகைக்கு ஓடும் லாரி, பஸ், டாக்சிக்கு 30 சதவிகிதம். நமது லாரிக்கு முதல் வருஷம் 12 லட்சம். ஆனால் ஏப்ரல் முதல் மார்ச் வரையான வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகத்தில் இருந்தால் பாதிதான். ஆயுத பூஜைக்கு லாரி எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரம் தாண்டினால் 12 லட்சம் 6 லட்சமாகிவிடும். வண்டி ஓடத் தொடங்குமுன் ஏறிய வட்டியோ செலவில் வராது, விலையோடு சேரும்.

டீசல், சுங்கம், டயர், சம்பளம் எல்லாம் போக வருஷத்துக்கு 14 லட்சம் மிஞ்சுகிறது என்போம். முதல் வருஷம் வட்டியையும் தேய்மானத்தையும் கழித்தால் கணக்கில் நஷ்டம்தான், வரி இல்லை. மாமனுக்கு ஒரே சந்தோஷம்! ஐந்தாவது வருஷம் வரட்டும். வட்டி 43 ஆயிரமாகவும் தேய்மானம் 2 லட்சத்து 88 ஆயிரமாகவும் சுருங்கிவிடும். லாபம் 10 லட்சத்து 69 ஆயிரம் என்று கணக்கு காட்டும். கூட்டு வியாபாரத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவிகித வரி; அதன் மேல் 4 சதவிகித செஸ். ஆக வரி சுமார் 3 லட்சத்து 34 ஆயிரம். டியூவோ அதே 68,000 ரூபாய். முதல் வருஷத்தில் மிஞ்சியதை விருந்தும் வேடிக்கையுமாகச் செலவழித்தவர் அப்போது கை பிசைவார்.

கணக்கு எழுதாத வழி

சின்ன லாரிக்காரர்களுக்குச் சட்டம் ஒரு சுலப வழி வைத்திருக்கிறது. வருஷத்தில் எந்த நேரத்திலும் பத்துக்கு மேல் சரக்கு வண்டி இல்லாதவர், உண்மை லாபம் எவ்வளவு என்று கணக்கெழுதாமல், நிர்ணயித்த தொகையை வருமானமாகக் காட்டலாம். மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு, டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். மற்ற வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய். நமது லாரி 28 டன் என்றால் வருஷத்துக்கு 3 லட்சத்து 36 ஆயிரம்.

தவணை பாக்கி இருக்கும் வண்டிக்கும், அதை வைத்திருப்பவரே சொந்தக்காரர் என்று இந்த ஏற்பாட்டில் சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது. ஆனால் இதில் வட்டி, தேய்மானம் என்று தனியாக எதையும் கழிக்க முடியாது. எல்லாம் கழிந்ததாகவே பொருள். கூட்டாளிகளின் சம்பளமும் வட்டியும் மட்டும், சட்டம் விதித்த வரம்புக்குள், கழியும். வண்டி ஷெட்டில் நின்ற மாதத்துக்கும் கணக்கு ஓடும். இதைவிடக் குறைந்த வருமானம்தான் என்பவர் கணக்குப் புத்தகம் வைத்து ஆடிட் செய்ய வேண்டும்.

விற்கும்போது வரும் வினை

மூன்று வருஷம் ஓட்டியாயிற்று. நான்காம் வருஷத் தொடக்கத்தில், "வண்டியைத் தள்ளிவிடலாம் மாமா" என்கிறார் மருமகன். 20 லட்சத்துக்கு ஆள் வருகிறார். கடன் பாக்கி 14 லட்சத்து 73 ஆயிரம். அதைத் தீர்த்தால் கையில் நிற்பது 5 லட்சத்து 27 ஆயிரம்.

வரிக் கணக்கு என்ன சொல்லுகிறது? 40 லட்சம் மூன்று வருஷத் தேய்மானத்தில் 13 லட்சத்து 72 ஆயிரமாகத் தேய்ந்திருக்கிறது. 20 லட்சத்துக்கு விற்றால் லாபம் 6 லட்சத்து 28 ஆயிரம்! கைக்கு வந்ததைவிட வரி விதிக்கும் லாபம் அதிகம். கூட்டு வியாபாரமானால் அதன் மேல் வரி சுமார் 1 லட்சத்து 96 ஆயிரம். சுலப வழியில் வரி கட்டியவருக்கும் இதே கதைதான். தேய்மானம் அவருக்கும் கழிந்ததாகவே எண்ணப்படும்.

தப்ப வழி உண்டா? உண்டு. அதே வருஷம், மார்ச் 31-க்குள், அதே தேய்மான விகிதத்தில் வரும் இன்னொரு லாரியை வாங்கித் தொழிலில் ஓட்டினால், விற்ற தொகை இரண்டும் சேர்ந்த கணக்கிலிருந்து கழியும். லாபம் உடனே தலைதூக்காது. மார்ச்சில் விற்று ஏப்ரலில் வாங்கியவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தனி மனிதரின் நிலைமையும் வேறு. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானமுள்ளவருக்கு வரி இல்லை. ஆகவே, லாரியைக் கூட்டுப் பெயரில் எடுப்பதா, ஒருவர் பெயரில் எடுப்பதா என்பதை வாங்குமுன்பே யோசிக்க வேண்டும்.

பையில் வைக்க வேண்டிய எச்சரிக்கைகள்

நோட்டுக் கட்டு ஆபத்து. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வண்டி வாங்கினால், 2017-ஆம் வருஷத் திருத்தத்தின்படி அந்தத் தொகை வண்டியின் விலையில் சேராது. நமது மாமன் நகையை விற்ற 8 லட்சத்தையும் நோட்டாக நீட்டியிருந்தால், 32 லட்சத்துக்கு மட்டுமே தேய்மானம் கிடைத்திருக்கும். முன்பணத்துக்காகத் தெரிந்தவரிடம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற்று வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரக்கூடும்.

கூட்டு வியாபாரம் பாங்கில் கடன் வாங்கினால் வட்டியில் வரிப் பிடித்தம் வேண்டியதில்லை. தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கினால், வருஷ வட்டி 10,000 ரூபாய் தாண்டும்போது 10 சதவிகிதம் பிடித்துச் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். தவறினால், கணக்கெழுதி வரி கட்டுபவருக்கு வட்டியில் 30 சதவிகிதம் செலவாக ஏறாமல் போகலாம்.

ஜி.எஸ்.டி.யிலும் கண் வேண்டும். லாரிக்கான விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. வரி விதிக்கத்தக்க சொந்தச் சரக்கை ஏற்றும் பதிவு பெற்ற வியாபாரி, லாரி வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தம் வரியில் ஈடு செய்யலாம். ஆனால் அந்தத் தொகைக்குத் தேய்மானமும் கேட்கக் கூடாது. டிரான்ஸ்போர்ட் ஏஜென்ஸிக்கு லாரியை வாடகைக்கு விடுபவருக்கோ வாடகையில் ஜி.எஸ்.டி. இல்லை, ஆகவே ஈடும் இல்லை. முதலாளி ஏறிப் போகும் காருக்கும் பொதுவாக ஈடு கிடையாது.

1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் வருஷத்துச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பிரிவு எண்கள் மாறினாலும் மேலே சொன்ன அடிப்படைகள் மாறவில்லை.

லாரிக்குப் பூஜை போடும் நாளில் ஆடிட்டரையும் ஒரு முறை பாருங்கள். கடன் பத்திரம், வட்டியையும் அசலையும் பிரித்துக் காட்டும் அட்டவணை, பாங்கி மூலம் பணம் கொடுத்த ரசீது, முதன்முதல் லோடு ஏற்றிய நாளின் சீட்டு, இந்த நான்கும் ஒரு பையில் இருக்கட்டும். வருஷா வருஷம் கொஞ்சம் பணம் வரிக்கென்று ஒதுக்கியும் வையுங்கள். கடைசி டியூ கட்டி, ஆர்.சி.யில் தம் பெயர் மட்டும் நிற்கும் அந்த நாளில், லாரி மெய்யாகவே சொந்தமாகியிருக்கும். அதை விற்று இலாகாவின் பாக்கியைக் கட்ட வேண்டிய நிலை வராது.