உங்கள் சர்வர் யாரோடு பேசுகிறது?

வாசுதேவநல்லூர் பக்கம் இ-சேவை மையம், மருந்துக் கடை, எலுமிச்சை மண்டி என எங்கே போனாலும் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கடையின் மொத்தக் கணக்கும் அதற்குள்தான். ‘நம்மிடம் திருட என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள், 2019-ல் கூடங்குளத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. இரண்டு ஊர்களுமே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன.

அந்த ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி, மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான ‘செர்ட்-இன்’ அணுமின் கழகத்தை எச்சரித்தது. விஷயம் அக்டோபர் 28-ம் தேதி வெளியில் கசிந்தது. மறுநாள் கூடங்குளம் நிர்வாகம் மறுத்தது. அதற்கு அடுத்த நாளே, தங்கள் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் இருந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர். அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது.

அந்த வைரஸின் பெயர் ‘டிட்ராக்’. கீபோர்டில் தட்டுவதைப் பதிவு செய்யும். பிரவுசரில் பார்த்த பக்கங்களையும் ஃபைல் பட்டியலையும் சேகரிக்கும். வெளியில் வந்த மாதிரியில் இன்னொரு விஷயமும் இருந்தது. சேகரித்ததை, உள் நெட்வொர்க்கில் இருந்த வேறொரு கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. அதற்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள்ளேயே இருந்தன. அதனால் வெளியே போகும் தொடர்பை மட்டும் கண்காணித்தால் போதாது. பக்கத்து அறை கம்ப்யூட்டரோடு ஏன் பேசுகிறது என்றும் கேட்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் எல்லா புரோகிராம்களையும் மூடிவிட்டு, ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’டில் ‘நெட்ஸ்டாட்’ கட்டளையைக் கொடுங்கள். ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, ஏ, என், ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துத் தட்ட வேண்டும். அந்த நிமிடம் எந்தெந்த முகவரியோடு தொடர்பு இருக்கிறது என்ற பட்டியல் வரும். கடைசி எண்ணை ‘டாஸ்க் மேனேஜர்’ பட்டியலோடு ஒப்பிட்டால், எந்த புரோகிராம் பேசுகிறது என்பது தெரிந்துவிடும்.

தெரியாத முகவரி என்றதும் பதறத் தேவையில்லை. விண்டோஸ் அப்டேட், ஆன்ட்டி வைரஸ், பேக்கப் எல்லாமே சொல்லாமல் பேசுபவைதான். ஆனால் கடை பூட்டிய பிறகும் டேட்டா ஓடுவது, ஒரே முகவரிக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்பு போவது, பெயர் புரியாத புரோகிராம் அதைச் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் சும்மா விடக்கூடாது.

முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

கூடங்குளத்தில் அணு உலையைக் காத்தது, இரண்டு நெட்வொர்க்கையும் பிரித்து வைத்த ஏற்பாடு. கடைக்காரரும் அதைச் செய்யலாம். பில் போடும் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் கேம் டவுன்லோடு செய்யக் கூடாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை தனியாக இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.