தூரமா, வேகமா?

டீ ஆறுவதற்குள் சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் ரேடாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2002இல் நிறுவியது. எஸ் பேண்ட், அதாவது சுமார் 10 செ.மீ. அலைநீளம். பள்ளிக்கரணையில் உள்ள எக்ஸ் பேண்ட் ரேடாருக்கு 3 செ.மீ.தான். அந்தச் சின்ன அலை மெல்லிய தூறலையும் நுணுக்கமாகக் காட்டும். ஆனால் கொட்டும் மழைக்குள் நுழைந்தால் வலுவிழந்துவிடும், பின்னால் நிற்கும் மேகம் தெரியாது. புயல் வரும் கரைக்கு 10 செ.மீ. அவசியம்.

மழையைக் காட்டும் ரேடாருக்குக் காற்றின் வேகம் எப்படித் தெரிகிறது? அது ஓயாமல் அலை வீசுவதில்லை. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. துளியில் பட்டுத் திரும்ப ஆகும் நேரம் தூரத்தைச் சொல்லும். அடுத்த துடிப்பு போய்ச் சேர்வதற்குள் துளி காற்றோடு சற்று நகர்ந்திருக்கும். திரும்பும் அலையின் கட்டமும், அதாவது ஏற்ற இறக்கத்தில் அலை நிற்கும் நிலையும், மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்துதான் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அதுவும் ரேடாரை நோக்கி வருவது, விலகிப் போவது மட்டுமே. குறுக்கே வீசும் காற்று கணக்கில் வராது.

சிக்கல் இனிமேல்தான். நொடிக்கு 1000 துடிப்பு என்றால், அடுத்தது கிளம்புமுன் முந்தையது 150 கி.மீ. போய்த் திரும்பத்தான் நேரம் இருக்கும். அதற்கு அப்பால் பெய்யும் மழை அடுத்த துடிப்பின் கணக்கில் ஏறி, பக்கத்தில் பெய்வதுபோல் தெரியும். சரி, 500 ஆகக் குறைப்போம். 300 கி.மீ. எட்டுகிறது. ஆனால் முன்பு மணிக்கு 90 கி.மீ. வரை பிசகாமல் அளந்த ரேடார், இப்போது 45ஐத் தாண்டியதுமே நெருங்கும் காற்றை விலகும் காற்றாகக் காட்டிவிடும். புயலுக்கு 45 எம்மாத்திரம்! இதைக் கருவியின் குறை என்று சொல்லக் கூடாது. ஒளியின் வேகமும் அலைநீளமும் சேர்ந்து விதித்த வரம்பு. எத்தனை கோடி செலவழித்தாலும் நீங்காது. அதனால் இரண்டு வெவ்வேறு வீதங்களில் துடிப்புகளை மாற்றி மாற்றி அனுப்பி, கிடைக்கும் இரு விடைகளையும் ஒப்பிட்டு உண்மையான வேகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் இதுதான்.

செல்பேசியில் ரேடார் படம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. கற்றையை அரை டிகிரி சாய்வில் அனுப்பினாலும், பூமி வளைந்திருப்பதால் 200 கி.மீ. தொலைவில் அது தரைக்குச் சுமார் 4 கி.மீ. மேலே போய்க்கொண்டிருக்கும். சென்னை ரேடாருக்குச் சிதம்பரம் ஏறக்குறைய அந்தத் தொலைவுதான். கீழே உருவாகும் மழை அதன் கண்ணில் படாமலே போகலாம். சிதம்பரத்துக்காரர்கள் காரைக்கால் ரேடாரின் படத்தைப் பார்ப்பதே நல்லது.