காதுச் சீழில் இருப்பது எந்தக் கிருமி? லேப் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காதில் சீழ் வடிகிறது என்று போனால், சில சமயம் டாக்டர் "கல்ச்சர் எடுத்துட்டு வாங்க" என்று எழுதித் தருவார். சர்க்கரை ரிப்போர்ட் அன்றைக்கே வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் இரண்டு மூன்று நாள்? இந்தக் கேள்வியோடுதான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு அடிப்படை. செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கும் சின்ன அறைதான் நடுக்காது. குழந்தைகளுக்குச் சளியோடு திடீரென்று வரும் நடுக்காதுத் தொற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே போன்றவை அதிகம். செவிப்பறையில் ஓட்டை விழுந்து வாரக்கணக்கில் வடியும் நாள்பட்ட தொற்றில் ஆட்களே வேறு: சூடோமோனாஸ் எருஜினோசா, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பெரும்பாலும் லேபுக்குப் போவது இந்த இரண்டாவது வகைதான்.

இனி லேபில் நடப்பதைப் பார்ப்போம். என் பாஷையில் சொன்னால், வரிசையாக if-else.

1. கிராம் ஸ்டெயின்: 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமுறை. மைக்ராஸ்கோப்பில் ஊதாவாகத் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பு என்றால் நெகட்டிவ். உருண்டையா, குச்சியா என்பதும் தெரிந்துவிடும்.

2. வளர்ப்பு: சீழை பிளட் அகார், மெக்கான்கி அகார் தட்டுகளில் தேய்த்து, சுமார் 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைக்கிறார்கள். ஹீமோஃபிலஸ் கொஞ்சம் அடம்பிடிக்கும். அதற்கு சாக்லேட் அகார். பேர்தான் சாக்லேட், உள்ளே இருப்பது சூடாக்கிய ரத்தம்!

3. அடையாளச் சோதனைகள்: ஊதா உருண்டைகள் என்றால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. நுரைத்தால் ஸ்டெஃபைலோ, நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோ பக்கம். ஸ்டெஃபைலோவில் பிளாஸ்மாவை உறைய வைப்பது ஆரியஸ். இளஞ்சிவப்புக் குச்சி என்றால் ஆக்சிடேஸ் சோதனை. கருஊதா நிறம் வந்து, தட்டில் பச்சைச் சாயமும் திராட்சை போன்ற வாசனையும் இருந்தால், அநேகமாக சூடோமோனாஸ். ஆக்சிடேஸ் நெகட்டிவ், பிளட் அகார் முழுக்க அலை அலையாகப் படர்கிறது என்றால் புரோட்டியஸ்.

4. மருந்துச் சோதனை: கிருமியைப் புதுத் தட்டில் பரப்பி, ஆன்டிபயாடிக் வில்லைகளை வைத்து இன்னொரு ராத்திரி. வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, எந்த மருந்து கேட்கும் என்று முடிவு செய்கிறார்கள்.

ஆக, இரண்டு ராத்திரி கட்டாயம் போய்விடுகிறது. மெஷின் ஸ்லோ இல்லை. பாக்டீரியா வளர எடுக்கும் நேரம் அது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைப் போட்டுக்கொள்கிற பழக்கம் நமக்கு உண்டு. சூடோமோனாஸுக்கு அந்த மருந்து இயல்பாகவே கேட்காது. வடிவது வடிந்துகொண்டே இருக்கும், கேட்கும் திறனும் குறைந்துகொண்டே வரலாம். போதாக்குறைக்கு, வேறு கிருமியாக இருந்தால் பாதி அடங்கிப்போய், கல்ச்சரில் "நோ குரோத்" என்று வரலாம். அதற்குக் கிருமியே இல்லை என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. வெளிக்காதுத் தோலிலும் கிருமிகள் சும்மா குடியிருக்கும். பஞ்சுக்குச்சி அங்கே பட்டால் அவையும் தட்டில் வளரும். அதனால்தான் வெளிக்காதைச் சுத்தம் செய்துவிட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் சீழ் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் வரும் பெயர் எல்லாமே குற்றவாளி இல்லை. அதைக் காதைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

கல்ச்சருக்குப் போகும்போது, ஏற்கனவே போட்ட மாத்திரை, சொட்டு மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். லேபுக்கு அதுவும் ஒரு இன்புட்தான்.