மன்னார்க் காற்றும் மக்கள் பங்கும்

மாலையில் ஆளியை அமுக்கியதும் வீட்டிலே விளக்கு எரிகின்றது. அவ்வொளி எங்கிருந்து வருகின்றது என்று நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது அவ்வினா இல்லந்தோறும் எழுந்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருந்தது. பிறநாட்டு எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பியிருக்கும் நாடு, கையில் பொருள் குன்றும்போது இருளில் அமர நேரிடும் என்பதை அன்று யாவரும் கண்டோம்.

நமக்குச் சொந்தமான ஆற்றல் இல்லாமலில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திரா நெடுங்காலம் வலியுறுத்திவந்த லக்சபானா நீர்மின் திட்டம் 1950ஆம் ஆண்டிலே பயன்தரத் தொடங்கியது. நீருக்கு அடுத்தபடியாக இயற்கை நமக்கு வழங்கிய செல்வம் காற்று. 1999ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற்று அளவிலே சோதனை முயற்சி நடைபெற்றது. பின்னர் புத்தளக் கரையிலும், 2014இல் பளையிலும் காற்றாலைகள் எழுந்தன. ஆயினும் பெருமுயற்சி எனத் தக்கது, மன்னார்த் தீவின் தென்கரையிலே 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பெற்ற ‘தம்பபவனி’யேயாகும். அங்குள்ள 30 காற்றாலைகளும் சேர்ந்து 103.5 மெகாவாற்று வரை மின்சாரம் தரவல்லன.

மன்னாரைத் தேர்ந்தது ஏன்? தடுக்க மலையில்லாத தட்டை நிலம் அது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகமும், மார்கழி, தை மாதங்களில் வாடையும் கடலிலிருந்து நேரே வந்து வீசுகின்றன. காற்று இறக்கைகளைச் சுழற்ற, அச்சுழற்சி மின்பிறப்பாக்கியை இயக்குகின்றது. புகையில்லை, எரிபொருட் செலவுமில்லை. காற்று ஓய்ந்தால் மின்சாரமும் குறையும் என்பது மெய்யே. ஆனால், காற்று மிகும் வேளையில் நீர்த்தேக்கத்து நீரைச் சேமித்து, ஓயும் வேளையில் அதனைப் பயன்படுத்தலாம். ஆதலின் கடற்கரைக் காற்றும் மலைநாட்டு நீரும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

எனினும், மன்னார் ஆளில்லா வெளியன்று. கடலை நம்பி வாழும் குடும்பங்கள் அங்குள்ளன. வாடைக் காலத்தில் வடபுலத்துப் பறவைகள் பெருந்தொகையாக வந்து தங்குகின்றன. அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் அனைத்துலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பெற்றது. மழைநீர் வடியும் வழிகள் அடைபடுகின்றன, மீன்பாடு குறைகின்றது என்று ஊரவர் முறையிட்டனர். 2025 ஆகஸ்டிலே புதிய காற்றாலைகளுக்கு எதிராக அவர்கள் வீதியில் இறங்கினர். அவ்வாண்டு பெப்ரவரியில், மன்னாரிலும் பூநகரியிலும் முதலிட முன்வந்திருந்த அதானி நிறுவனமும், மின்விலையை மறுபடி பேச வேண்டுமென்ற நிலை எழுந்தமையால் விலகிக்கொண்டது.

இத்தகைய பிணக்கைத் தீர்க்கும் வழியொன்றை டென்மார்க் நாட்டின் சாம்சோ என்னும் தீவு காட்டுகின்றது. தன் தேவைக்கான ஆற்றலைத் தானே ஆக்கிக்கொள்ளும் தீவாக மாறுதற்கு 1997ஆம் ஆண்டில் அது தெரிவுசெய்யப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நிலத்தில் 11 காற்றாலைகளும் கடலில் 10 காற்றாலைகளும் நிறுவப்பட்டன. கமக்காரரும் ஊர்ப்பொதுமக்களும் அவற்றிலே முதலிட்டுப் பங்குதாரராயினர். வருவாயில் பங்கு கிடைத்தமையால், காற்றாலை அவர்களுக்கு அந்நியப் பொருளாகத் தோன்றவில்லை.

மன்னாரிலும் இது கைகூடாத காரியமன்று. கோபுரம் நாட்டுமுன் ஊராரைக் கேட்டல், நீரோடும் வழியையும் பறவை செல்லும் வழியையும் விலக்கி இடந்தெரிதல், அவ்வூர் இளைஞருக்கு இயந்திரம் பராமரிக்கும் தொழிலைப் பயிற்றுதல், வருவாயில் ஒரு கூறு கூட்டுறவுச் சங்கங்களைச் சேரச் செய்தல் ஆகிய நான்கும் செய்யத் தக்கனவே. கொழும்பின் வீடுகளுக்கு ஒளியூட்டும் காற்று, அது வீசும் கரையிலே வாழும் மீனவர் குடிலுக்கும் வாழ்வளித்தல் வேண்டும். அப்பொழுதுதான் இப்புதுத் தொழில் அம்மண்ணிலே வேரூன்றும்.